அமானிதமா, சாட்சியமா?

அமானிதம் என்னும் சொல்லை அறியாத முஸ்லிம் இல்லம் தமிழகத்தில் இராது. பக்கத்து வீட்டார் ஹஜ்ஜுக்குப் புறப்படும்போது நம் வீட்டில் வைத்துச் செல்லும் நகைப்பெட்டி அமானிதம். தம் மகளிடம் சேர்க்கும்படி ஒருவர் நம் கையில் கொடுத்தனுப்பிய பணம் அமானிதம். மனத்தைத் திறந்து ஒருவர் நம்மிடம் கூறிய பேச்சும் அமானிதமே. பேசுகிறவர் அக்கம் பக்கம் திரும்பிப் பார்த்தாரெனில், அவர் வாய்விட்டுக் கேளாவிட்டாலும் அப்பேச்சு அமானிதமாகிவிடுகிறது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை.

அதே பாயில் அமர்ந்து, அதே உஸ்தாதிடம் நாம் கற்ற மற்றொரு பாடம் சாட்சியத்தைப் பற்றியது. சாட்சியத்தை மறைப்பவனுடைய உள்ளமே பாவத்துக்குள்ளாகிவிட்டதென அல்பகரா அத்தியாயத்தின் 283ஆம் வசனம் எச்சரிக்கின்றது. நமக்கோ, நம்மைப் பெற்றவர்களுக்கோ, உறவினர்களுக்கோ எதிராக அமைந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்கவேண்டும் என்பது அன்னிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனத்தின் கட்டளை.

இரண்டையும் தனித்தனிப் பாடங்களாகக் கற்றோம். தனித்தனியே மனனம் செய்தோம். இவ்விரண்டும் ஒரே நாளில், ஒரே விஷயத்தில், ஒன்றையொன்று எதிர்த்து நின்றால் என்ன செய்வதென்று எவரும் நமக்குச் சொல்லித் தரவில்லை, நாமும் கேட்கவில்லை. வாழ்க்கைதான் அதைக் கேட்டது.

1998ஆம் ஆண்டு மழைக்காலம். நாம் ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்த மத்ரஸாவில், மாணவர்களுக்குக் கிதாபுகள் வாங்குவதற்காக அலுவல் அறையில் வைத்திருந்த 1,800 ரூபாய் காணாமற்போயிற்று. அந்த அறையைக் காலைதோறும் பெருக்கி வந்தவன் சமையற்காரரின் மகன், 13 வயது, நம்மிடம் அரபு இலக்கணத்தின் முதற்பாடங்களை ஓதிக்கொண்டிருந்தவன். பெருக்கியவனே எடுத்திருப்பான் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். யாரும் அவனை முறையாக விசாரிக்கவில்லை. அவன் அழுததையும் குற்றத்துக்கு அத்தாட்சியாகவே எடுத்துக்கொண்டார்கள். அன்று அஸருக்குள் அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தான்.

மூன்றாம் நாள் இஷாவுக்குப் பின் மூத்த மாணவர் ஒருவர் நம் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

“ஹஸ்ரத், ஒன்று சொல்லவேண்டும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று முதலில் வாக்குக் கொடுங்கள்” என்றார்.

கொடுத்தோம். கேட்பதற்கு முன்பே கொடுத்த வாக்கு அது. இளம்பிள்ளைகளுக்கு வரும் மனக்கலக்கம் ஏதாவது இருக்கும், ஆறுதல் சொல்லி அனுப்பலாம் என்று எண்ணினோம். அவரோ, பணத்தை எடுத்தவர் தாமே என்றார். சொல்லிவிட்டு, நம் முகத்தை ஏறிட்டுப் பார்க்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பின் நாம் என்ன செய்தோம் என்பதைப் பிறகு கூறுவோம். இத்தனை ஆண்டுகள் கழித்து இதை எழுதத் தூண்டியது, அமெரிக்க நாட்டின் சிகாகோ நகரத்து வழக்கொன்றைப் பற்றி நாம் படித்ததுதான். நம் சிறிய மத்ரஸாவில் 11 நாட்கள் நடந்த ஒன்று, அந்தப் பெருநகரத்தில் 26 ஆண்டுகள் நடந்திருக்கின்றது.

1982ஆம் ஆண்டு ஜனவரியில் சிகாகோவின் தென்பகுதியிலிருந்த ஒரு மெக்டொனால்ட்ஸ் உணவகத்தில் கொள்ளையிட வந்தவர்கள், அங்கிருந்த காவலாளி ஒருவரைச் சுட்டுக் கொன்றார்கள். அக்குற்றத்துக்காக ஆல்டன் லோகன் என்பவர் கைது செய்யப்பட்டார். அவர் அங்கு இருந்தவரே அல்லர். எனினும் நேரில் பார்த்ததாகக் கூறியவர்கள் அவரை அடையாளம் காட்டினார்கள்.

அடுத்த மாதம் அதே நகரில் இரண்டு போலீஸ்காரர்கள் கொலையுண்டார்கள். அவ்வழக்கில் பிடிபட்டவர் ஆண்ட்ரூ வில்சன். வக்கீல் வைத்துக்கொள்ள வசதியற்றவர்களுக்காக அரசு செலவில் வாதாடும் டேல் கவென்ட்ரி, ஜேமி கன்ஸ் என்னும் இருவர் அவருக்கு வழக்கறிஞர்களாக அமைந்தார்கள். உணவகக் கொலையிலும் வில்சனுக்குப் பங்குண்டு, லோகன் நிரபராதி என்னும் செய்தி, அவ்வழக்கில் உடன் குற்றஞ்சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் மூலம் இவர்கள் காதுக்கு எட்டிற்று. இருவரும் சிறைக்குச் சென்று வில்சனிடம் கேட்டார்கள். உணவகத்தில் சுட்டவர் தாமே என்று அவர் ஒப்புக்கொண்டார்.

தம் கட்சிக்காரர் இரகசியமாகக் கூறியதை வழக்கறிஞர் வெளியிடக்கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். வெளியிட்டால் வில்சனின் தலைக்கு மற்றொரு கொலைக்குற்றம் ஏறும். அவர் ஏற்கெனவே மரணதண்டனையை எதிர்நோக்கி நின்றவர். ஆகவே அவ்விருவரும் 1982 மார்ச்சில் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதினார்கள். லோகன் அக்கொலைக்குப் பொறுப்பானவர் அல்லர், வேறொருவரே பொறுப்பு என்பது இரகசியக் காப்புக்குட்பட்ட வழியில் தமக்குத் தெரியவந்துள்ளது என்பதே அதன் சாரம். அந்த வேறொருவரின் பெயர் அதில் இல்லை. கையொப்பமிட்டு, உறையில் வைத்து மூடி, ஓர் இரும்புப்பெட்டியில் பூட்டினார்கள். அப்பெட்டி கவென்ட்ரியின் வீட்டுக் கட்டிலின் கீழ் இருந்தது. தாம் இறந்தபின் வெளியிடலாம் என்னும் அனுமதியை மட்டும் வில்சனிடம் பெற்றிருந்தார்கள்.

லோகனைக் குற்றவாளியென ஜூரிகள் தீர்மானித்தார்கள். அடுத்து, மரணதண்டனையா ஆயுள் தண்டனையா என்னும் கேள்வி. மரணம் என்று தீர்ப்பாகிவிட்டால் எப்படியேனும் வாய்திறப்பதென்று வழக்கறிஞர்கள் முடிவு செய்திருந்தார்கள். 10 ஜூரிகள் மரணதண்டனைக்கு இசைந்தார்கள், இருவர் இசையவில்லை. ஆயுள் தண்டனையாயிற்று. பெட்டி கட்டிலின் கீழேயே இருந்தது.

2007 நவம்பரில் வில்சன் சிறையில் நோயுற்று இறந்தார். அதன் பின்னரே பெட்டி திறந்தது. 2008 ஏப்ரலில் லோகன் வெளியே வந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவர் மீதான குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. 28 வயதளவில் உள்ளே போனவர், 54 வயதில் வெளியே வந்தார். 2013இல் சிகாகோ நகராட்சி அவருக்கு ஏறத்தாழ ஒரு கோடி டாலர் கொடுக்க உடன்பட்டது. இழந்த இளமைக்கு எந்தப் பைத்துல்மாலிலும் ஈடு இல்லை.

இதைப் படிப்பவர்கள் அந்த வழக்கறிஞர்கள் மீது சினங்கொள்வது இயற்கை. நாமும் கொண்டோம். பிறகு, சினங்கொள்ள நமக்குத் தகுதியுண்டா என்று எண்ணிப் பார்த்து வெட்கினோம். அதுவுமன்றி, அவர்கள் காத்த சட்டம் வீணாக உண்டான சட்டமன்று. அதன் நியாயத்தையும் வாசகர்கள் அறியவேண்டும்.

‘வக்கீல்’ என்னும் சொல் அரபியின் ‘வகீல்’ என்பதிலிருந்து நமக்கு வந்தது. தன் காரியத்தை நம்பி ஒப்படைக்கப்பட்டவர் என்பது அதன் பொருள். அரசாங்கம் முழுவதும் திரண்டு ஒரு மனிதனுக்கு எதிராக நிற்கும்போது, அவன் பக்கம் நிற்பவர் அவர் ஒருவரே. அவரிடமும் உண்மையைச் சொல்ல அஞ்சுவானாகில், அவனுக்காக அவர் எப்படி வாதாடுவார்? நிரபராதியும் சில வேளை தனக்குப் பாதகமான செய்திகளை வைத்திருப்பான். அவனும் அஞ்சி மறைப்பான், மறைத்ததால் தோற்பான். ஆகவே இரகசியக் காப்பு என்பது குற்றவாளிக்குக் கொடுத்த சலுகை மட்டுமன்று. நேர்மையான விசாரணை என்னும் கட்டடத்தின் தூண்களில் அதுவும் ஒன்று.

வில்சனின் கதையே இதற்குச் சான்று. இரண்டு போலீஸ்காரர்களைக் கொன்றவர் என்று பிடிபட்ட அவரை, சிகாகோ போலீஸார் சித்திரவதை செய்தார்கள். அவரிடம் பெற்ற ஒப்புதல் வாக்குமூலத்தை ஏற்கமுடியாதென இல்லினாய் மாநில உச்சநீதிமன்றம் 1987இல் தள்ளிற்று. அச்சித்திரவதைகளுக்குத் தலைமை தாங்கிய ஜான் பர்ஜ் என்னும் அதிகாரி, அவற்றைப் பற்றிப் பிரமாணத்தின்மேல் பொய் கூறியதற்காக 2010இல் குற்றவாளியெனத் தீர்மானிக்கப்பட்டார். அடித்துக் கேட்டவர்களிடம் அகப்பட்ட ஒரு மனிதர், அடிக்காமல் கேட்டவர்களிடம் மட்டும் உண்மை சொன்னார். இரகசியம் காக்கப்படும் என்னும் உறுதி இல்லையானால் அந்தச் சொல் பிறந்தே இராது. பிறவாத சொல்லை எந்தப் பெட்டியிலும் பூட்டி வைத்திருக்க முடியாது. லோகன் 2008இலும் வெளியே வந்திருக்கமாட்டார்.

நம் அறைக்கு வந்த மாணவரும் அப்படித்தான். வாக்குக் கொடாதிருந்தால் அவர் எழுந்து போயிருப்பார். சமையற்காரரின் மகன் நிரபராதி என்பது நமக்கும் தெரியாமலே போயிருக்கும்.

ஒரு தட்டில் இவ்வளவு நியாயம் இருக்கின்றது. மற்றொரு தட்டில் இருப்பது ஒரு மனிதனின் வாழ்நாள். குற்றஞ்சாட்டப்பட்டவன் தன் நிரபராதித்தனத்தைக் காட்ட உதவும் ஆதாரத்தை மன்றத்தின் முன் வைக்க வழியிருக்க வேண்டும். வழியில்லையானால் விசாரணை என்பது பெயரளவில்தான். அந்த ஆதாரம் மற்றொருவரின் வழக்கறிஞருடைய மேசையறையில் பூட்டிக்கிடந்தால் எந்த உரிமை வெல்லவேண்டும்?

இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1995இல் இதற்கு விடை கூறிற்று. 1978இல் 16 வயதுப் பெண்ணொருத்தி கொலையுண்டாள். ஓர் இளைஞன் தானே கொன்றதாக ஒப்புக்கொண்டான்; விசாரணைக்கு முன் அதை மறுத்து, கொன்றவர் தன் மாற்றாந்தந்தை என்றான்; விடுதலையும் பெற்றான். பல ஆண்டுகளுக்குப் பின், 1992இல், மாற்றாந்தந்தை மீது வழக்கு வந்தது. அந்த இளைஞன் தன் வழக்கறிஞரிடம் முதலில் என்ன கூறினான் என்பதைக் காட்டும் குறிப்புகள் வேண்டுமென அவர் தரப்பினர் கேட்டார்கள். டார்பி நகர மாஜிஸ்திரேட் கொடுக்கச் சொன்னார். பிரபுக்கள் சபை அதை ரத்துச் செய்தது. தலைமை நீதிபதி டெய்லர் பிரபுவின் கருத்தின் சாரம் இது: ஒரு வழக்கில் விலக்களித்தால் எந்தக் கட்சிக்காரரும் எந்த வழக்கறிஞரையும் முழுமையாக நம்பமுடியாது, ஆகவே இந்தக் காப்பு முற்றானது, வழக்குக்கு வழக்கு நிறுத்துப் பார்ப்பதற்குரியதன்று. அந்த இளைஞன் அக்கொலைக்காக மறுபடி தண்டிக்கப்பட அன்றைய சட்டத்தில் இடமே இல்லை என்பதையும் ஈண்டு நினைவிற்கொள்ள வேண்டும். ஆபத்து நீங்கிவிட்டவனின் இரகசியமும், ஆபத்தில் நிற்பவனின் தேவையைவிட மேலாக வைக்கப்பட்டது.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் நடந்தது இன்னும் வருந்தத்தக்கது. அங்கு ஸ்டேப்பிள்ஸ் ஹியூஸ் என்னும் வழக்கறிஞர், இறந்துபோன தம் கட்சிக்காரர் கொலைகளைத் தாம் ஒருவராகவே செய்ததாகத் தம்மிடம் கூறியிருந்ததை, 2007இல் நீதிமன்றத்திலேயே எழுந்து சொன்னார். அதே கொலைகளுக்காக லீ வெய்ன் ஹண்ட் என்பவர் 1986 முதல் சிறையிலிருந்தார். நீதிபதி அச்சாட்சியத்தை ஏற்க மறுத்ததோடு, வழக்கறிஞர் மீதே ஒழுங்கு நடவடிக்கைக்குப் புகார் அனுப்பினார். புகார் பின்னர் தள்ளுபடியாயிற்று. ஹண்ட் மட்டும் 2019இல் சிறையிலேயே இறந்தார். கட்சிக்காரர் இறந்தபின்னும் இரகசியக் காப்பு இறப்பதில்லையென அந்நாட்டின் உச்சநீதிமன்றம் 1998இல் ஏற்கெனவே தீர்ப்பளித்திருந்தது.

இந்த இடத்தில் நாம் ஓதிய கிதாபுகளைப் புரட்டிப் பார்த்தோம்.

சபைப் பேச்சுகள் அமானிதம் என்னும் ஹதீஸ் அபூதாவூதில் ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக வந்துள்ளது. அதில் மூன்று விலக்குகள் உண்டு. அநியாயமாக இரத்தம் சிந்துவது, கற்பை அழிப்பது, பிறர் பொருளை உரிமையின்றிப் பறிப்பது ஆகியவை பேசப்படும் சபைகளுக்கு அந்த அமானிதம் இல்லை. அறிவிப்பாளர் தொடரில் பெயர் கூறப்படாத ஒருவர் இருப்பதால் ஹதீஸ்கலை அறிஞர்கள் அதன் தரத்தில் குறை கண்டுள்ளார்கள். எனினும் அதன் கருத்து மார்க்கத்தின் பொதுவிதிகளோடு இசைந்தே நிற்கின்றது. இரகசியம் உயர்ந்தது, ஆனால் பிறருடைய உயிரையும் மானத்தையும் பொருளையும் விழுங்க அதற்கு உரிமையில்லை.

பிறர் குற்றத்தை மறைப்பவரின் குற்றத்தை அல்லாஹ் மறைப்பான் என்னும் நன்மாராயத்தைப் பலர் பொதுவாக எடுத்தாளுகிறார்கள். இமாம்கள் அதை அடியானுக்கும் இறைவனுக்குமிடையேயுள்ள பாவங்களோடு பொருத்திக் காட்டுகிறார்கள். அடியார்களின் உரிமை, அதாவது ஹக்குல் இபாத், இடையில் வந்துவிட்டால் கணக்கு வேறு. ஒருவனுடைய பாவத்தை நாம் மூடிய போர்வையின் கீழ் மற்றொருவன் மூச்சுத் திணறுவானாகில், அப்போர்வை புண்ணியமாகாது.

அன்னிஸாவின் 105 முதல் 112 வரையுள்ள வசனங்கள் இறங்கிய சந்தர்ப்பத்தைத் தஃப்ஸீர் ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். மதீனாவில் ஒரு கவசம் திருட்டுப்போயிற்று. எடுத்தவன் முஸ்லிம்களைச் சேர்ந்தவன். குற்றம் சுமத்தப்பட்டவர் ஒரு யூதர் என்று அறிவிப்புகளில் வருகின்றது. திருடியவனின் குடும்பத்தார் திரண்டு வந்து அவனுக்காக வாதாடினார்கள். அப்போது, மோசக்காரர்களின் பக்கம் நின்று வாதாடாதீர் என்னும் கட்டளை வானிலிருந்து இறங்கிற்று. தான் செய்த பாவத்தை ஒரு நிரபராதியின் மேல் எறிபவன் பெரும் அவதூற்றைச் சுமக்கிறான் என்றும் இறங்கிற்று. நம்மவன், அயலான் என்று பாராமல், நிரபராதி நிரபராதியென அறிவிக்கப்பட்டார்.

இதிலிருந்து, இரகசியங்களையெல்லாம் கடைத்தெருவில் கொட்டிவிடலாம் என்று முடிவு கட்டுவது தவறு. இங்கே இரண்டு காரியங்கள் உள்ளன. நாம் அவற்றை ஒன்றாக எண்ணிக் குழம்புகிறோம். நிரபராதியை விடுவிப்பது ஒரு காரியம். குற்றவாளியைப் பிடித்துக்கொடுப்பது மற்றொரு காரியம். இரகசியம் கூறியவருக்கு நாம் பட்ட கடன், அவர் சொல்லை அவருக்கே எதிரான ஆயுதமாக்காமலிருப்பது. அந்தக் கடனைத் தீர்ப்பதற்கு மூன்றாமவர் ஒருவரின் வாழ்நாளை எடுத்துக் கொடுக்க நமக்கு அதிகாரம் இல்லை. அது நம் உடைமையன்று.

கனடா நாட்டின் உச்சநீதிமன்றம் இந்தப் பிரிவினையைக் கண்டுகொண்டது. 2001இல் மெக்ளூர் வழக்கிலும் 2002இல் பிரவுன் வழக்கிலும் அது வகுத்த விதி இது: இரகசியக் காப்பு ஏறத்தாழ முற்றானது, ஆயினும் குற்றஞ்சாட்டப்பட்டவரின் நிரபராதித்தனமே பணயத்தில் இருக்கும்போது, வேறெங்கும் அந்தச் செய்தி கிடைக்காதபோது, வேறெவ்வகையிலும் ஐயத்தை எழுப்ப அவரால் இயலாதபோது, நீதிபதி அதைப் பார்வையிட்டு, தேவையான அளவு மட்டும் திறக்கலாம். அப்படித் திறந்த செய்தியையும், அதைப் பிடித்துக்கொண்டு தேடியெடுத்த ஆதாரங்களையும் இரகசியம் கூறியவருக்கு எதிராகப் பயன்படுத்தக்கூடாது. கதவும் இருக்கின்றது, பூட்டும் இருக்கின்றது. அவ்விரு வழக்குகளிலும் கேட்டவர்களுக்குக் கதவு திறக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். நிபந்தனைகள் அவ்வளவு கடினமானவை. எனினும் சுவர் வேறு, திறக்கக் கடினமான கதவு வேறு. அமெரிக்காவிலும் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வழக்கறிஞர் ஒழுக்கவிதி, பிறரொருவர் தவறாகச் சிறையில் அடைபடுவதைத் தடுக்க வழக்கறிஞர் வாய்திறக்கலாமென இடமளித்தது. லோகனின் வழக்கு அங்கு நடந்திருந்தால் பெட்டி முன்பே திறந்திருக்கலாம்.

நம் நாட்டில் 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 126ஆம் பிரிவில் இந்த இரகசியத்தைக் காத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய சாட்சியச் சட்டம் அதையே 132ஆம் பிரிவில் தொடர்கின்றது. சட்டவிரோதமான நோக்கத்தை நிறைவேற்றக் கூறிய பேச்சுக்கும், வழக்கை ஏற்றபின் நடந்ததாக வழக்கறிஞர் கண்ட குற்றத்துக்கும் மோசடிக்கும் அதில் காப்பு இல்லை. முன்பே நடந்துவிட்ட குற்றத்தின் பழியை வேறொருவர் சுமந்துகொண்டிருக்கிறார் என்னும் நிலைக்கு அதில் விலக்கு எழுதப்படவில்லை. சட்டம் வகுப்போரும் சட்டம் பயிலும் நம் பிள்ளைகளும் எண்ணிப் பார்க்கவேண்டிய இடம் இது.

இனி, நம் கணக்கைச் சொல்லவேண்டும்.

அந்த மாணவர் வந்துபோன இரவிலிருந்து 11 நாட்கள் நாம் வாய்திறக்கவில்லை. அவரைத் தனியே அழைத்து, தாமே சென்று ஒப்புக்கொள்ளும்படி பலமுறை புத்தி சொன்னோம். அவர் தலையாட்டினார், செல்லவில்லை. நாம் அமானிதத்தைக் காக்கிறோம் என்று நமக்கு நாமே கூறிக்கொண்டோம். ஹதீஸ்களையும் துணைக்கு அழைத்துக்கொண்டோம். பன்னிரண்டாம் நாள் பஜ்ருக்குப் பின் சமையற்காரர் நமக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தார். அவர் கையைப் பார்த்தோம். முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. அன்றே எழுந்து நிர்வாகியாரிடம் சென்றோம்.

“ஒரு செய்தி சொல்லவேண்டும். அதற்கு முன் நீங்கள் ஒரு வாக்குத் தரவேண்டும். நான் சொல்வதை வைத்து யாரையும் தேடக்கூடாது, தண்டிக்கக்கூடாது” என்றோம்.

அவர் வியப்போடு தந்தார்.

“அந்தப் பையன் எடுக்கவில்லை. எனக்கு உறுதியாகத் தெரியும்.”

“யார் எடுத்தது, ஹஸ்ரத்?”

“அதைச் சொல்வதற்கில்லை. பணம் வந்து சேரும்.”

அவருக்குக் கோபம் வந்தது, வந்ததில் தவறில்லை. ஆயினும் வாக்குத் தவறாதவர். மறுநாளே சமையற்காரரை அழைத்துப் பெரியவர்கள் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டார். சில நாட்களில் பணமும் ஓர் உறையில் வந்து சேர்ந்தது. யார் நம் அறைக்கு வந்துபோனார் என்று சிலர் கணக்குப் பார்த்ததும் உண்மைதான். அந்த மாணவர் மேல் ஓரிரு பார்வைகள் விழுந்தன. நாம் ஒன்றும் கூறவில்லை. இன்றுவரை அப்பெயர் நம் வீட்டாருக்கும் தெரியாது.

ஆனால் பையன் திரும்பி வரவில்லை. அவமானம் தாங்காத அவன் தந்தை, அவனை வேறோர் ஊரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்கு விட்டுவிட்டார்.

7 ஆண்டுகளுக்குப் பின் அவ்வூர்க் கடைத்தெருவில் அவனைக் கண்டோம். மீசை அரும்பிய இளைஞன். எழுந்து ஸலாம் சொன்னான், நாற்காலி போட்டான், தேநீர் வரவழைத்தான். பேச்சுக்கிடையில் மெல்லக் கேட்டான்:

“நீங்கள் சொல்லித்தான் என் பெயர் சுத்தமானதென்று வாப்பா சொன்னார், ஹஸ்ரத். உங்களுக்கு அது எப்போது தெரிந்தது?”

பொய் சொல்ல நா எழவில்லை. “நீ போன மூன்றாம் நாள்” என்றோம்.

அவன் விரல்களை மடக்கி ஏதோ எண்ணினான்.

“நான் ஒரு வாரம் வீட்டில்தான் இருந்தேன், ஹஸ்ரத். எட்டாம் நாள்தான் வாப்பா என்னை இங்கே கொண்டுவந்து விட்டார்.”

வேறொன்றும் சொல்லவில்லை. நாம் கேட்ட துணியை அளந்து மடித்துக் கொடுத்தான். காசு வாங்க மறுத்தான். வற்புறுத்திக் கொடுத்துவிட்டு வந்தோம்.

நிர்வாகியாரிடம் கேட்ட அந்த வாக்கை நான்காம் நாளே கேட்டிருக்கலாம். அமானிதம் நம்மைத் தடுக்கவில்லை. அமானிதத்தைக் காத்ததோடு நம் கடமை முடிந்துவிட்டதென எண்ணியதே நம்மைத் தடுத்தது. சிகாகோவின் வழக்கறிஞர்கள் எழுதிய பத்திரத்திலும் குற்றவாளியின் பெயர் இல்லை. நாம் நிர்வாகியாரிடம் சொன்னதும் அவர்கள் எழுதியதும் ஏறத்தாழ ஒரே வாசகந்தான். அவர்கள் பேசினால் விரல் யாரை நோக்கித் திரும்பும் என்பது ஊரறிந்தது. திரும்பிய விரலைத் தடுக்கும் பூட்டு எதையும் சட்டம் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. ஆகவே அவர்களை நாம் இகழோம். நமக்கோ அந்தப் பூட்டைக் கேட்டுப் பெறுவது எளிதாயிருந்தது. கேட்கத்தான் 11 நாட்கள் ஆயின.

நம் வாசகர்களில் பெரும்பாலோர் வழக்கறிஞர்கள் அல்லர். ஆயினும் உம்மாவாக, வாப்பாவாக, ஆசிரியராக, ஜமாஅத்தின் பெரியவராக, எல்லோரிடமும் ஏதேனும் ஓர் இரகசியம் வந்து சேரத்தான் செய்கின்றது. அது வரும்போது அதைக் காப்போமாக. காத்துக்கொண்டே, இதனால் வெளியே யாராவது நின்று நனைந்துகொண்டிருக்கிறார்களா என்று ஒருமுறை கதவைத் திறந்து பார்ப்போமாக. யாரேனும் இருந்தால், சொன்னவருக்குத் தீங்கு வராமல் அவரை உள்ளே அழைக்கும் வழியை அன்றே தேடுவோமாக, மறுநாளைக்கு ஒத்திவையாதிருப்போமாக.

சொன்னவருக்கும், பழி சுமந்தவருக்கும், தாமதித்த நமக்கும் வல்ல அல்லாஹ் தன் கருணையால் பிழை பொறுத்தருள்வானாக! ஆமீன்.